இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வா? பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் யாராவது எழுத வைத்திருக்கிறீர்களா?

வேலந்தாவளம்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கேரள எல்லைக்குள்தான் இருக்கிறோம், வேலந்தாவளம் பக்கம். மகள் இரண்டாம் வகுப்பு, தனியார் சிபிஎஸ்இ பள்ளி. பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்து ஆட்களுக்கே புரிந்துவிடும். அடுத்த வருடம் மூன்றாம் வகுப்பிலிருந்து "கிஃப்டட் செக்‌ஷன்" என்று கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று தொடங்குகிறார்களாம். முப்பது இடம். நுழைவுத் தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். இங்கிலீஷ், கணக்கு, அப்புறம் மென்டல் எபிலிட்டி என்று ஒரு தாள். தேர்வுக்குத் தனிக் கட்டணம், இடம் கிடைத்தால் வருடக் கட்டணமும் அதிகம். மற்ற பள்ளிப் பிள்ளைகளும் வந்து எழுதலாமாம்.

மகள் நன்றாகப் படிக்கிறவள்தான். பஸ்ஸில் போகும்போது மலையாளப் போர்டைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டப் பழகிவிட்டாள், யாரும் சொல்லித் தரவில்லை. வகுப்பில் டீச்சர் கொடுத்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையோடு பேசுகிறாள் என்று ஒவ்வொரு பிடிஏ (பெற்றோர் ஆசிரியர்) கூட்டத்திலும் புகார். வீட்டில் தமிழ், தெருவில் பாதி மலையாளம், இங்கிலீஷ் பள்ளியில் மட்டும்தான். தேர்வு முழுக்க இங்கிலீஷில் என்பதால் யோசனையாக இருக்கிறது. பொள்ளாச்சியில் ஒரு இடத்தில் சனி ஞாயிறு கோச்சிங் இருக்கிறதாம், சேர்க்கலாமா? இவர் "ஏழு வயசுப் புள்ளைய விடு" என்கிறார். மாமியாரோ அந்தக் காலம் மாதிரி டபுள் புரமோஷன் (ஒரு வகுப்பு தாண்டி மேலே போடுவது) கேள் என்கிறார். எழுத வைக்கலாமா வேண்டாமா, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரத்தான்:

கட்டணம் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்களே அக்கா, பதில் அதிலேயே இருக்கிறது. முப்பது இடம் நிரம்ப வேண்டும். முப்பது மேதைகள் கிடைக்காவிட்டால் செக்‌ஷனை மூடிவிடவா போகிறார்கள்?

கஞ்சிக்கோடு_ஷிப்ட்:

மீனாட்சிபுரத்தாரே, அப்படி ஒரே போடாகப் போட வேண்டாம். என் பையன் அந்த மாதிரிப் பிள்ளைதான். மூன்றாம் வகுப்பில் பின்னக் கணக்கு போடுவான், பள்ளியில் இரண்டிலக்கக் கூட்டல் ஓடிக்கொண்டிருந்தது. வருடம் முழுக்கச் சன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து கடைசியில் பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்றான். மந்தமான பிள்ளைக்குத் தனிக் கவனம் வேண்டும் என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வேகமான பிள்ளைக்கும் வேண்டும் என்று சொன்னால் மட்டும் பெற்றோருக்குத் திமிர் என்கிறார்கள். தனி வகுப்பு என்பதே மோசடி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எப்படி எடுக்கிறார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

கணக்கு_மாஷ்_ஓய்வு:

இந்தப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் அறிவை அளக்கும் தேர்வை முதலில் உருப்படியாகச் செய்தவர் பிரான்ஸின் ஆல்ஃபிரெட் பினே, சைமனோடு சேர்ந்து, 1905-இல். பாரிஸ் பள்ளிகளில் எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார். முன்னால் ஓடுகிறவர்களைப் பொறுக்கும் கருவியாக அது அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் மாறியது. அங்கே டெர்மன் என்ற பேராசிரியர் 1921-இல் கலிஃபோர்னியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அதிபுத்திசாலிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தார். அவர் தேர்வில் வரம்பைத் தொடாமல் வெளியே நின்ற இரண்டு பையன்கள் பிற்பாடு இயற்பியலில் நோபல் வாங்கினார்கள்: ஷாக்லி 1956-இல், அல்வாரெஸ் 1968-இல். உள்ளே எடுத்த கூட்டத்தில் ஒருவருக்கும் நோபல் இல்லை. அவ்வளவு கவனமாகச் செய்த தேர்வுக்கே இந்த நிலை என்றால் நம்மூர்ப் பள்ளி ஜெராக்ஸ் தாளைப் பற்றி என்ன சொல்வது.

அடுத்தது வயது. இதை யாரும் கேட்பதே இல்லை. ஒரே வகுப்பில் ஜூனில் பிறந்த பிள்ளையும் அடுத்த மே மாதம் பிறந்த பிள்ளையும் இருக்கும். ஏழு வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது சின்ன விஷயமில்லை, அது வாழ்ந்த காலத்தில் ஏழில் ஒரு பங்குக்குப் பக்கம். முறையான தேர்வில் அந்தந்த மாத வயதுக்குத் தனித்தனி அளவு வைத்து ஒப்பிடுவார்கள். பள்ளி தானே தயாரிக்கும் தாளில் பச்சையாக மொத்த மதிப்பெண்ணை வரிசைப்படுத்துவார்கள். முதல் முப்பதில் மூத்த பிள்ளைகள் அதிகமாக இருப்பார்கள், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். உங்கள் மகள் எந்த மாதம் அம்மா?

நம் நாட்டுக்கென்று செய்த தேர்வுகளும் இருக்கின்றன. காமத் என்பவர் பினே தேர்வை 1930-களிலேயே கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்றபடி மாற்றினார், இன்றும் பினே-காமத் என்றே பெயர். 1969-இல் மாலின் என்பவர் இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றியமைத்த இன்னொன்று மிசிக். இவற்றையெல்லாம் ஒரு உளவியலாளர் ஒரே ஒரு பிள்ளையை எதிரில் உட்கார வைத்து, அதற்குத் தெரிந்த மொழியில் பேசி, மணிக்கணக்கில் செய்வார். ஹாலில் நூறு பேரை உட்கார வைத்து மணி அடித்து வாங்கும் தாள் அந்த வகையில் சேராது.

வேலந்தாவளம்_அம்மா:

மே மாதக் கடைசி, மாஷ். வகுப்பிலேயே சின்னவள் அவள்தான்.

பொள்ளாச்சி_ரோடு:

கோச்சிங் பேச்சு வந்ததால் எழுதுகிறேன், நான் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன் (அக்கா சொன்ன இடம் என்னுடையது இல்லை). நாங்கள் எடுப்பது நவோதயா (மத்திய அரசின் விடுதிப் பள்ளி), சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வுகளுக்கு. மாஷ் சொல்கிறபடி பார்த்தால் எந்தத் தேர்வுமே கூடாது என்று ஆகிவிடும் போலிருக்கிறது. நவோதயாவைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் எழுதி ஆறாம் வகுப்பில் சேர்வது. 80 கேள்வி, 100 மதிப்பெண், 2 மணி நேரம். அதில் மென்டல் எபிலிட்டி மட்டும் 40 கேள்வி, எல்லாமே படம், ஒரு வார்த்தை கூட வாசிக்க வேண்டாம். மிச்சத்தில் கணக்கு 20, மொழி 20. ஒரு பள்ளிக்கு 80 பேர் வரை எடுக்கிறார்கள், அதில் 75 சதவீதமாவது கிராமத்துப் பிள்ளைகள், மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகளுக்கு. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரசாங்கச் செலவு. கூலி வேலைக்காரர் பிள்ளை மலம்புழா நவோதயாவில் படித்து எங்கோ போய்விட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தேர்வு இல்லை என்றால் அந்த இடம் யாருக்குப் போகும்? சிபாரிசு இருக்கிறவனுக்குப் போகும்.

எல்லையோரத்து ஆட்களுக்கு ஒரு விஷயம், நிறையப் பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்: பிள்ளை குடியிருக்கும் மாவட்டமும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மாவட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். வீடு கொழிஞ்சாம்பாறை, பள்ளிக்கூடம் பொள்ளாச்சி என்றால் பாலக்காட்டு நவோதயாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. தமிழ்நாட்டிலோ நவோதயா பள்ளி கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடுவீர்கள். இன்னொன்று, ஒரு பிள்ளை ஒரு தடவைதான் எழுதலாம்.

கணக்கு_மாஷ்_ஓய்வு:

தம்பி, நவோதயாவை நான் குறை சொல்லவே இல்லை. அது பத்து வயதில், பாடம் ஓரளவு ஊன்றிய பிறகு, ஏழைப் பிள்ளைக்காகவே இடம் ஒதுக்கி வைத்து நடக்கிற தேர்வு. இங்கே பேச்சு ஏழு வயதுக்கு, காசு வாங்கிக்கொண்டு நடத்துகிற தேர்வைப் பற்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த 40 படக் கேள்விகள் பத்து வகை, வகைக்கு நான்கு, சரிதானே? காகிதத்தை மடித்து ஓட்டை போட்டால் விரித்ததும் எப்படி இருக்கும் என்பது ஒரு வகை. உங்கள் கோச்சிங்கில் நிஜக் காகிதத்தை மடித்துக் காட்டித்தானே சொல்லித் தருகிறீர்கள்? அதைப் பார்த்த பிள்ளையும் பார்க்காத பிள்ளையும் ஒரே ஹாலில் உட்கார்ந்தால் தாள் எதை அளக்கிறது?

பொள்ளாச்சி_ரோடு:

காகிதத்தை மடித்துத்தான் காட்டுகிறேன், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக நான் சொல்லித் தராமல் இருந்தால் காசுள்ளவன் கோயம்புத்தூரில் போய்க் கற்றுக்கொள்வான். நான் வாங்குவது அவர்கள் வாங்குவதில் பாதி கூட இல்லை.

தேவிகுளம்_டீச்சர்:

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்பதற்கு முன்னால், அந்த ஹாலுக்குள் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நான் தேயிலை எஸ்டேட் பக்கத்தில் ஒரு எல்பி ஸ்கூலில் (தொடக்கப் பள்ளி) தமிழ் மீடியம் எடுக்கிறேன். இங்கே நான்காம் வகுப்பில் எல்எஸ்எஸ் தேர்வு. கேரளாவில் படித்தவர்களுக்குத் தெரியும், இரண்டு தாள், மொத்தம் 80 மதிப்பெண், 60 சதவீதம் எடுத்தால் ஸ்காலர்ஷிப். முப்பது இடம், நாற்பது இடம் என்ற கணக்கு கிடையாது, அந்த 60 சதவீதத்தை எட்டியவர்கள் எல்லோரும் ஜெயித்தவர்கள். தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை தமிழிலேயே எழுதலாம். பணம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் "எல்எஸ்எஸ் கிடைத்த பிள்ளை" என்று லயத்தில் (எஸ்டேட் லைன் வீடுகளில்) ஒரு பேர் கிடைக்கிறது பாருங்கள், அதற்கு அப்புறம் அந்த அப்பா அம்மா அதை எட்டாவதோடு நிறுத்த மாட்டார்கள்.

அதற்கே யாரை அனுப்புவது என்று வருகிறபோது நாங்கள், டீச்சர்களே, என்ன செய்கிறோம்? கையெழுத்து அழகாக இருக்கிறதா, கேட்டதும் எழுந்து பதில் சொல்கிறதா, ஹோம்வொர்க் முடித்து வருகிறதா என்று பார்க்கிறோம். ஒரு பையன் இருந்தான், நோட்டைத் திறக்கவே மாட்டான். அவன் அம்மா கொழுந்து பறிக்கிறவர். அன்றைக்கு எத்தனை கிலோ போட்டார், அதில் கழிவு எவ்வளவு பிடித்தார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு தாண்டினால் கூடுதல் காசு என்று எல்லாம் அவன் வாயிலேயே கணக்கு போட்டுச் சொல்வான். அவனை அனுப்பும் எண்ணம் பள்ளியில் யாருக்கும் வரவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர்தான் பிடிவாதமாகப் பெயர் சேர்த்தார். அவன் ஜெயித்தான் என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும், ஜெயிக்கவில்லை, மொழித் தாளில் போய்விட்டது. ஆனால் கணக்கில் பள்ளியிலேயே அதிகம் அவனுக்குத்தான். அதற்கு முன்னால் எங்களுக்கு அது தெரியாது.

கஞ்சிக்கோடு_ஷிப்ட்:

டீச்சர் சொன்னதற்கு அமெரிக்காவில் சரியான உதாரணம் இருக்கிறது. பையன் விஷயமாகத் தேடித் தேடிப் படித்ததில் கிடைத்தது. ஃப்ளோரிடாவில் ப்ரோவார்ட் என்ற பெரிய பள்ளி மாவட்டம். அங்கே கிஃப்டட் வகுப்பில் சேர ஐக்யூ (அறிவுத்திறன் எண்) 130 வேண்டும், ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் இங்கிலீஷ் பழகுகிற பிள்ளைக்கும் 116, ஆனால் தேர்வுக்கு யார் போவது என்பதை டீச்சரும் பெற்றோரும்தான் சொல்ல வேண்டும். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகள். 2005 வாக்கில் ஒரு மாற்றம் செய்தார்கள்: இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும், யாரும் கேட்காமலே, பள்ளி நேரத்திலேயே, இலவசமாக, வார்த்தை இல்லாத ஒரு படத் தேர்வு. அதில் தேறியவர்களை ஐக்யூ தேர்வுக்கு அனுப்பினார்கள். ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் என்று அதுவரை யார் கண்ணிலும் படாதவர்கள் ஏகப்பட்ட பேர் வெளியே வந்தார்கள். வரம்பைக் குறைத்ததால் இல்லை, அதே வரம்புதான். பிறகு பணம் இல்லை என்று திட்டத்தைச் சுருக்கியதும் பழையபடி ஆகிவிட்டது. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2016-இல் இதை விவரமாக எழுதினார்கள். கார்ட் பிற்பாடு 2021-இல் நோபல் வாங்கியவர்.

அதே ஆட்கள் இன்னொன்றும் பார்த்தார்கள், இது எனக்கே கொஞ்சம் கசப்பான விஷயம். ஐக்யூ 130 தாண்டித் தனி வகுப்புக்குப் போன பிள்ளைகளின் பரீட்சை மதிப்பெண் அதனால் ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை. மிச்ச இடங்களை நிரப்ப, ஐக்யூ குறைவாக இருந்தாலும் பள்ளிப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களைச் சேர்த்தார்களே, அந்தப் பிள்ளைகள்தான், அதிலும் கறுப்பின, ஸ்பானிஷ் பிள்ளைகள்தான், நன்றாக முன்னேறினார்கள்.

மீனாட்சிபுரத்தான்:

அதாவது மேதையைத் தேடி வைத்த வகுப்பில் லாபம் அடைந்தது உழைத்துப் படித்த பிள்ளை. நல்லது.

சிங்கை_கொல்லங்கோட்டான்:

ஊர் கொல்லங்கோடு, இப்போது சிங்கப்பூர். இங்கே அரசாங்கமே 1984 முதல் இதை நடத்தி வந்தது, ஜிஇபி என்பார்கள். மூன்றாம் வகுப்பில் எல்லாப் பள்ளியிலும் தேர்வு. முதல் சுற்றில் இங்கிலீஷும் கணக்கும். அதில் தேறினால் அடுத்த சுற்றில் பொது அறிவுத்திறனும் சேர்த்து. கடைசியில் எடுத்தது அந்த வயதுப் பிள்ளைகளில் ஒரு சதவீதம். ஒன்பது பள்ளிகளில் மட்டும் அந்த வகுப்பு, நான்காவதிலிருந்து ஆறாவது வரை.

எல்லோரும் எழுத முடிந்தது, கட்டணம் இருக்கவில்லை, அதனால் டீச்சர் சொன்ன குறை இங்கே இருக்கவில்லை. ஆனாலும் என்ன ஆயிற்று தெரியுமா? ஜிஇபிக்கென்றே டியூஷன் சென்டர்கள் முளைத்தன, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு. கோச்சிங் கொடுக்க வேண்டாம் என்று கல்வி அமைச்சு எத்தனை தடவை சொன்னாலும் யார் கேட்கிறார்கள். 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினப் பேரணி உரையில் இந்தத் திட்டத்தை இப்படியே தொடரப் போவதில்லை என்று அறிவித்தார். இனி ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன்னிடம் உள்ள திறமையான பிள்ளைகளுக்குத் தானே கூடுதல் பாடம் கொடுக்க வேண்டும், பிள்ளை தன் பள்ளியையும் கூட்டாளிகளையும் விட்டுப் பிரிய வேண்டாம் என்று.

நியூயார்க்கில் இன்னும் மோசம், நான்கு வயதுக்குத் தேர்வு வைத்தார்கள். 2021-இல் அதை நிறுத்திவிட்டு டீச்சர் பரிந்துரை, அப்புறம் குலுக்கல் என்று போய்விட்டார்கள். உலகமே கைவிடுகிற ஒன்றை நம்மூர்ப் பள்ளி இப்போதுதான் புதுச் சட்டை போட்டுக் கொண்டுவருகிறது.

கஞ்சிக்கோடு_ஷிப்ட்:

கைவிடவில்லை அண்ணா, மாற்றியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் வேகமான பிள்ளைக்கு இனி ஒன்றும் கிடையாது என்று சொல்லவில்லையே, எல்லாப் பள்ளியிலும் கொடுக்கிறோம் என்றுதானே சொல்கிறார்கள். அது எனக்குச் சம்மதம்.

குப்பத்துக்காரர்:

ஆந்திரா பக்கத்திலிருந்து ஒரு குரல். குப்பத்தில் நாங்கள் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, கொஞ்சம் நடந்தால் கன்னடம். இங்கே குருகுலப் பள்ளிகள் என்று அரசு விடுதிப் பள்ளிகள் உண்டு, ஐந்தாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு. இந்த யோசனைக்கு மூலம் பி.வி. நரசிம்ம ராவ். அப்போதைய ஆந்திராவில் 1971-இல் சர்வேல் என்ற ஊரில் முதல் பள்ளி. கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கி, தங்க வைத்துச் சோறு போட்டுப் படிக்க வைப்பது. பிறகு தாடிகொண்டா, கொடிகெனஹள்ளி என்று வந்தன. அங்கே படித்துக் கலெக்டரும் டாக்டரும் ஆனவர்கள் நிறைய.

என் தம்பி மகன் எழுதினான். நான்காம் வகுப்புப் பாடத்திலிருந்துதான் கேள்வி, கோச்சிங்கும் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் தெலுங்குக்கும் ஒரு பகுதி உண்டு. தமிழ் மீடியத்தில் நான்கு வருடம் படித்த பிள்ளை அங்கே போய்த் தெலுங்கில் என்ன செய்யும்? கணக்கில் முழுசாகப் போட்டான், தெலுங்கில் விட்டான், இடம் இல்லை. தெலுங்குச் சீமையில் தெலுங்கு கேட்கத்தான் செய்வார்கள், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் "கெட்டிக்காரப் பிள்ளை" என்று வடிகட்டுகிற இடத்தில் எந்த வீட்டில் எந்த மொழி என்பது பாதி முடிவைச் செய்துவிடுகிறது. வேலந்தாவளம் அம்மாவுக்கு இங்கிலீஷ், எங்களுக்குத் தெலுங்கு, தேவிகுளம் டீச்சர் இடத்தில் பரவாயில்லை, தமிழ்த் தாளாவது கொடுக்கிறார்கள்.

வேலந்தாவளம்_அம்மா:

நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டுப் பள்ளியில் மாதிரித் தாள் கேட்டு வாங்கினேன். வீட்டில் உட்கார வைத்துப் பார்த்தேன். கணக்கு எல்லாம் போட்டுவிட்டாள். படங்களில் ஒன்றிரண்டு தவிர சரி. மென்டல் எபிலிட்டியில் சேராததை வட்டமிடு என்று ஒரு கேள்வி: டெய்ஸி, டுலிப், ரோஸ், கேபேஜ். இவள் ரோஸை வட்டமிட்டாள். ஏன் என்றால் "ரோஸ் மட்டும்தான் தலையில வைப்பாங்க" என்கிறாள். டெய்ஸி, டுலிப் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது, உண்மையில் டெய்ஸி எனக்கும் தெரியாது. தப்பு என்று போடுவதா சரி என்று போடுவதா?

தேவிகுளம்_டீச்சர்:

எதிரில் உட்கார்ந்து கேட்கிற ஆள் இருந்தால் அந்தப் பதிலுக்காகவே பிள்ளையை எடுத்துக்கொள்வார். தெரிந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு காரணத்தை உருவாக்கியிருக்கிறாள் பாருங்கள். விடைத்தாளில் அதற்குச் சுழி.

பொள்ளாச்சி_ரோடு:

உண்மையைச் சொன்னால் இந்த மாதிரிக் கேள்வி நவோதயாத் தாளில் வராது. இது மோசமான கேள்வி. வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கோச்சிங்குக்கு அனுப்பினால் டெய்ஸியும் டுலிப்பும் மனப்பாடம் செய்ய வைப்போம், அவ்வளவுதான் நடக்கும். இதற்குக் காசு செலவழிக்காதீர்கள் அக்கா.

சட்டம்_படிக்கிறவன்:

யாரும் சட்டத்தைத் தொடவில்லையே. 2009 கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவு: பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ வடிகட்டல் நடைமுறை எதுவும் வைக்கக் கூடாது. வடிகட்டல் என்றால் என்னவென்று சட்டமே சொல்கிறது: குலுக்கல் போன்ற முறை தவிர, ஒரு பிள்ளையை விட்டு இன்னொரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் எந்த முறையும். முதல் தடவை மீறினால் 25,000 ரூபாய் வரை, அதற்கு அப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்குக் குலுக்கல் போடுகிறார்களே, கஞ்சிக்கோட்டில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் பள்ளி என்ன சொல்லும் என்றால், "ஏற்கனவே எங்களிடம் படிக்கிற பிள்ளையை எந்த செக்‌ஷனில் போடுவது என்பதற்குத்தான் தேர்வு, சேர்க்கைக்கு இல்லை" என்று சொல்லும். உள்ளே படிக்கிற பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்த வாதம் ஓரளவு நிற்கலாம். வெளிப் பள்ளிப் பிள்ளைகளையும் எழுத வைத்துச் சேர்க்கிறார்கள் என்று அக்கா எழுதியிருக்கிறாரே, அங்கே நிற்காது. அது நேரான சேர்க்கை. சிறுபான்மைப் பள்ளி என்றால் மட்டும் விஷயம் வேறு, 2014-இல் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. முதலில் பள்ளி எந்த வகை என்று பாருங்கள்.

மீனாட்சிபுரத்தான்:

கேஸ் போடச் சொல்கிறாயா தம்பி? பிள்ளை அதே பள்ளியில்தானே மறுநாள் போய் உட்கார வேண்டும்.

சட்டம்_படிக்கிறவன்:

கேஸ் வேண்டாம். ஒரு காகிதத்தில் எழுதிக் கேட்டாலே போதும், முக்கால்வாசி இடத்தில் நடைமுறை மாறும். வாயால் கேட்டால் வாயால் பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கணக்கு_மாஷ்_ஓய்வு:

எழுதிக் கேட்பதென்றால் நான் சேர்க்கச் சொல்வது: வயதுக்கு ஏற்ற ஒப்பீடு உண்டா. வரம்புக்குக் கீழே ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் நின்ற பிள்ளைக்கு மறு வாய்ப்பு உண்டா, ஏனென்றால் அதே பிள்ளை அடுத்த மாதம் எழுதினால் ஐந்து மதிப்பெண் மேலேயும் போகும் கீழேயும் வரும். உள்ளே போன பிள்ளை வருடக் கடைசியில் தள்ளாடினால் என்ன செய்வார்கள், வெளியே அனுப்புவார்களா. அப்புறம் முக்கியமாக, அந்த செக்‌ஷனில் வேறு என்னதான் சொல்லித் தரப் போகிறார்கள். நான்காம் வகுப்புப் புத்தகத்தை மூன்றிலேயே முடிப்பது என்றால் அதற்குத் தனிப் பேர் எதற்கு? மாமியார் கேட்ட டபுள் புரமோஷன்தான் அது, தவணை முறையில்.

டபுள் புரமோஷனைப் பற்றி ஒரு வார்த்தை. என் காலத்தில் சகஜம். சில பிள்ளைகளுக்கு நன்றாகவே பொருந்தியது. ஆனால் மே மாதத்துப் பிள்ளை, ஏற்கனவே வகுப்பில் சின்னவள், இன்னும் ஒரு வருடம் மேலே போட்டால் விளையாட்டில், உயரத்தில், கூட்டுச் சேர்வதில் சிரமப்படும். நான் செய்ய மாட்டேன்.

கஞ்சிக்கோடு_ஷிப்ட்:

அக்கா, இதற்கிடையில் பிள்ளைக்கு இப்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. என் பையனுக்கு நாங்கள் செய்தது: கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பில் போய் உட்கார ஹெச்எம்மிடம் அனுமதி கேட்டோம், முதலில் முடியாது என்றார், டைம்டேபிள் பொருந்துகிற இரண்டு நாளுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். மீதி நாளுக்கு ஊர் லைப்ரரி. அது போதுமானதாக இருந்தது. இப்போது ஏழாவது படிக்கிறான், பள்ளிக்குப் போக மாட்டேன் என்ற பேச்சு நின்றுவிட்டது. உங்கள் மகள் மலையாள எழுத்தைத் தானே பிடித்தவள் என்றால் ஒரு மலையாளப் படக்கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள், பேச நேரமே இருக்காது.

குப்பத்துக்காரர்:

இதை நான் வழிமொழிகிறேன். எல்லையில் பிறந்த பிள்ளைக்கு மூன்று எழுத்து சும்மா கிடைக்கிறது, எந்த நுழைவுத் தாளிலும் அதற்கு ஒரு மதிப்பெண் கூடக் கிடையாது.

வேலந்தாவளம்_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. கோச்சிங் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். தேர்வு எழுத வைப்பதா என்று இன்னும் இவரும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். இவள் "டெஸ்ட் எழுதறேன், எனக்குப் பிடிக்கும்" என்கிறாள், அது வேறு.

இன்று பள்ளியில் போய்க் கேட்டேன், எழுத்தில் கொடுத்தேன். வயது ஒப்பீடு என்றதும் அந்த மேடத்துக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. வெளிப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதியதைப் படித்ததும் மட்டும் முகம் மாறியது, மேனேஜ்மென்ட்டிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வாட்ஸாப் குரூப்பில் போட்டேன், இரண்டாம் வகுப்பு அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம். தேர்வு வைப்பதென்றால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும், கட்டணம் இல்லாமல், பள்ளி நேரத்திலேயே, கேள்வியைத் தமிழிலோ மலையாளத்திலோ வாசித்துச் சொல்லி வையுங்கள் என்று பிடிஏவில் கேட்கப் போகிறோம். டீச்சர் சொன்ன கொழுந்துக் கணக்குப் பையன் மாதிரி எங்கள் வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியாதே.

தேவிகுளம்_டீச்சர்:

நல்ல கோரிக்கை. வாசித்துச் சொல்வது என்பதை மட்டும் விட்டுக் கொடுத்துவிடாதீர்கள், முதலில் அதைத்தான் வெட்டுவார்கள்.

பொள்ளாச்சி_ரோடு:

அக்கா, ஐந்தாம் வகுப்பு வரும்போது நவோதயாவை மறந்துவிடாதீர்கள். பள்ளியை மட்டும் அதற்குள் தமிழ்நாட்டுப் பக்கம் மாற்றிவிட வேண்டாம். அந்த நேரத்தில் கேளுங்கள், பழைய வினாத்தாள்கள் என்னிடம் இருக்கின்றன, காசு வேண்டாம்.

முதலமடை_புதுசு:

இழையை இப்போதுதான் பார்த்தேன். எங்கள் பள்ளியிலும் இதே மாதிரி ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது, எங்களுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே. பள்ளிக்குக் கொடுத்த கடிதத்தின் மாதிரியைப் பெயர் எடுத்துவிட்டு இங்கே போட முடியுமா அக்கா?

வேலந்தாவளம்_அம்மா:

ராத்திரி போடுகிறேன். மலையாளத்திலும் ஒன்று எழுதி வைத்திருக்கிறோம், இரண்டையும் போடுகிறேன்.